அக்னிவீரா, எஸ்.எஸ்.சி. ஜி.டி.யா, நம்மூர் போலீசா?

கிரவுண்டில் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களிடம் "எதுக்குப்பா தயாராகிறே?" என்று கேட்டால், "எல்லாத்துக்கும்தான் அண்ணே" என்று பதில் வரும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ராணுவத்தில் நாலு வருடத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர், துணை ராணுவப் படைகளுக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் ஜெனரல் டியூட்டி (ஜி.டி.) கான்ஸ்டபிள் தேர்வு, தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு ஆகிய மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கேட்கும் உடம்பு வேறு, கொடுக்கும் வாழ்க்கை வேறு.

முதலில் டேப்பை எடுங்கள். துணை ராணுவத்துக்கு ஆண்கள் 170 செ.மீ. இருக்க வேண்டும், பழங்குடியினருக்கு மட்டும் கணிசமான தளர்வு உண்டு. தமிழ்நாடு போலீசுக்கும் 170தான். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் 167. ராணுவத்தில் ஜெனரல் டியூட்டி பிரிவுக்கு நம் மாநிலத்துப் பையன்களுக்கு 166 போதும். ஆக, பொதுப் பிரிவில் 168 செ.மீ. உயரமுள்ள ஒரு பையன் எஸ்.எஸ்.சி. கோச்சிங்குக்குக் கட்டும் பணம் தண்டம். யாரும் அவனிடம் இதைச் சொல்வதில்லை, ஃபீஸ் மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது வயது. அக்னிவீருக்கு 17½ வயதிலேயே போகலாம். மேல் வரம்பை 21 என்று வைத்துத்தான் 2022 ஜூனில் திட்டத்தை அறிவித்தார்கள். எஸ்.எஸ்.சி. ஜி.டி. 18 முதல் 23 வரை, இடஒதுக்கீட்டுத் தளர்வு தனி. போலீசில் பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 31. எந்தக் கதவு முதலில் மூடும் என்று தெரிந்தால், எதை முதலில் தட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.

இனி ஓட்டம். இங்கேதான் "எல்லாத்துக்கும்" என்ற பதில் காலை வாரும். ராணுவத்தில் 1.6 கி.மீ. ஓட வேண்டும், ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழுசாக 60 மதிப்பெண். கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு என்று கணக்கு வரும். தினமும் நிதானமாக நாலைந்து கிலோமீட்டர் ஓடிப் பழகியவனுக்கு இது வராது. 400 மீட்டரை வேகமாக ஓடி, மூச்சு வாங்கி, மறுபடி ஓடும் பயிற்சிதான் கைகொடுக்கும். அதோடு பீமில் தொங்கி உடம்பைப் பத்து முறை மேலே ஏற்றினால் 40 மதிப்பெண். ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதும், வளைந்து நெளிந்த கட்டை மேல் நடப்பதும் தேறினால் போதும்.

துணை ராணுவம் கேட்பது 5 கி.மீ., 24 நிமிடம். வேகம் குறைவுதான், தம் வேண்டும். ஆனால் இதற்கு மதிப்பெண்ணே கிடையாது. தேறினால் சரி. வேலையைத் தீர்மானிப்பது 80 கேள்விகள், 160 மதிப்பெண் கொண்ட கணினித் தேர்வு. 2024 முதல் தமிழிலும் எழுதலாம் என்பது நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். ஆகவே இதற்குத் தயாராகிறவர்கள் காலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மீதி நேரமெல்லாம் கணக்கு போட வேண்டும். நான் பார்க்கும் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

போலீசில் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிப்பது சுலபம். கயிறு ஏறுவதும், தாண்டுவதும், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டமும்தான் மதிப்பெண் தரும். கயிறு திடீரென்று வராது. தோள், பிடி இரண்டுக்கும் மாதக்கணக்கில் வேலை கொடுக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். அக்னிவீருக்கு முதல் வருடம் மாதம் 30,000, நாலாவது வருடம் 40,000. அதில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். கைக்கு வருவது 21,000த்தில் தொடங்கி 28,000 வரை. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போட்டு, வட்டியோடு கடைசியில் சுமார் 11.71 லட்சம் சேவா நிதியாக வரும், வரி இல்லை. "பதினோரு லட்சம்!" என்று வாய் பிளக்கிறவர்கள், வட்டி போக அதில் பாதி தங்கள் சம்பளமே என்பதை மறந்துவிடுகிறார்கள். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. நாலு வருடமும் கல்யாணம் செய்யக் கூடாது. முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். நாலு பேரில் மூன்று பேர் 22, 23 வயதில் வெளியே. அவர்களுக்குத் துணை ராணுவத்தில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022இலேயே சொன்னார்கள். ஒதுக்கீடு இருக்கிறது என்பதற்காக வேலை உறுதி என்று ஆகிவிடாது.

எஸ்.எஸ்.சி. ஜி.டி.யில் அடிப்படைச் சம்பளம் 21,700. அகவிலைப்படி, இதர படிகள் சேர்ந்தால் முதல் மாதத்திலிருந்தே அக்னிவீரின் கைத்தொகையைத் தாண்டும், அதுவும் 60 வயது வரை. பழைய பென்ஷன் இங்கும் இல்லை. எந்தப் படை என்பதும் முக்கியம். சி.ஆர்.பி.எஃப். (மத்திய ரிசர்வ் போலீஸ் படை) என்றால் காஷ்மீருக்கோ சத்தீஸ்கருக்கோ போக நேரும். சி.ஐ.எஸ்.எஃப். (மத்திய தொழிற்பாதுகாப்புப் படை) என்றால் சென்னை விமான நிலையத்திலும் கல்பாக்கத்திலும்கூட வேலை இருக்கிறது. விண்ணப்பத்தில் படைகளை வரிசைப்படுத்தும் கட்டத்தை பிரவுசிங் சென்டர்காரர் கையில் விட்டுவிடாதீர்கள். போலீசின் அடிப்படைச் சம்பளம் 18,200, கொஞ்சம் குறைவு. ஆனால் வேலை தமிழ்நாட்டுக்குள், பேச்சு தமிழில்.

பயிற்சி என்று பார்த்தால் ராணுவம்தான் கடினம். ஜெனரல் டியூட்டி அக்னிவீருக்கு 31 வாரம். அதில் முதல் பத்து வாரம் அடிப்படைப் பயிற்சி: விடியுமுன் பி.டி., அப்புறம் டிரில், ஆயுதம், தடை தாண்டுதல், நடுவில் இந்தி. வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் போனால் பக்கத்துப் படுக்கையில் தமிழோ மலையாளமோ கேட்கும். கட்டளை மட்டும் இந்திதான். 1.6 கி.மீ. தேறியதோடு ஓட்டம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கியும் சுமையுமாக 5 கி.மீ. ஓட வைப்பார்கள். தேர்வானதும் வீட்டில் படுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே கணுக்காலுக்கு மேல் எலும்பு வலி வந்துவிடும். சேரும் தேதி வரை ஓட்டத்தை விடாதீர்கள். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சம்தான் கூட்ட வேண்டும். கடைசி வாரங்களில் கனமான ஷூவில் நடந்து பழகுங்கள்.

பெண்களுக்கு ராணுவத்தில் அக்னிவீராகச் சேர மிலிட்டரி போலீஸ் பிரிவுதான் வழி, இடங்கள் சொற்பம். துணை ராணுவமும் நம் போலீசும் அவர்களுக்கு அதிக இடம் தருகின்றன. என் ஓட்டு அங்கேதான்.

பையன்களுக்கு? 18 வயது, வீட்டில் கடன் இல்லை, உயரம் 166க்கும் 170க்கும் நடுவில் என்றால் அக்னிவீர். 170க்கு மேல், அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தங்கை படிக்கிறாள் என்றால் எஸ்.எஸ்.சி.யை முதலில் வையுங்கள், போலீஸ் அறிவிப்பு வந்தால் அதையும் எழுதுங்கள். நாலு வருட வேலையை நம்பி வீட்டுக்கடன் வாங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்குப் பகீர் என்கிறது.

எதற்கு விண்ணப்பித்தாலும் மெடிக்கலை முன்பே யோசியுங்கள். முட்டி இடிப்பது, தட்டைப் பாதம், நிறக்குருடு, காலில் நரம்புச் சுருட்டல், ஏன், காதில் அழுக்குக்கூட ஆளைத் திருப்பி அனுப்பும். துணை ராணுவத்தில் பச்சை குத்துவதற்கு அனுமதி சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும்தான். அரசு மருத்துவமனையில் ஒரு தடவை காட்டிவிட்டு விண்ணப்பித்தால் பாதி ஏமாற்றம் குறையும். அங்கே போய்த் தகுதியில்லை என்று எழுதிவிட்டால், அழுதுகொண்டே பஸ் ஏறாமல், மறு மருத்துவப் பரிசோதனைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.