சமைத்துக் கொடுப்பதா, சமைக்கக் கற்றுக்கொடுப்பதா?

தங்கள் பகுதியில் பொதுச் சமையலறை தொடங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதல் வகைக்கு 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் உதாரணம். இரண்டாவதற்கு, லண்டனில் 2012இல் தொடங்கிய 'மேட் இன் ஹாக்னி' சமையல் பள்ளி.

செலவு
சாப்பாடு: அரிசி, பருப்பு, காஸ், கூலி என்று தினமும் பணம் வேண்டும். 1 ரூபாய்க்கு இட்லி என்றால் மானியம் இல்லாமல் முடியாது.
வகுப்பு: வாரம் இரண்டு நாள், நான்கு அடுப்பு, பத்துப் பேர் போதும்.

எளிமை
சாப்பாடு: வந்தவுடன் தட்டு கையில்.
வகுப்பு: இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது கஷ்டம்.

நிலைப்பு
சாப்பாடு: மறுவேளை மறுபடி பசிக்கும்.
வகுப்பு: இங்குதான் என் மனம் சாய்கிறது. மனைவியை இழந்த ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். வெந்த பருப்பை விரலில் நசுக்கிப் பார்க்கவும், கடுகு வெடித்த பிறகே பெருங்காயம் போடவும் பழகிவிட்டால், அப்புறம் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம். பேச்சுத் துணையும் கிடைக்கும்.

வெள்ளம், வேலையிழப்பு, தினக்கூலிக் குடும்பங்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சாப்பாடுதான். தனித்து வாழும் முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், முதல்முறை வீட்டைவிட்டு வந்த இளைஞர்கள் என்றால் வகுப்பு. எதற்கும் பெரிய பாத்திரங்களையும் வாங்கி வையுங்கள்: 2020 கொரோனா முடக்கத்தில் ஹாக்னி பள்ளியே வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பியது.