டி.பி. பாக்ஸுக்குள் எதை மாட்டலாம்? 'பி', 'சி' எம்.சி.பி.களும் ஆர்.சி.சி.பி.யும்

"16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. ஒண்ணு கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். வீட்டு லைன்கள் பிரியும் பெட்டிதான் டி.பி. பாக்ஸ். அதற்குள் இருக்கும், கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து (ஆஃப் ஆகி) லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்.சி.பி. அதன் முகப்பில் எண்ணுக்கு முன்னால் 'பி' அல்லது 'சி' என்று ஓர் எழுத்து இருக்கும். பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

'பி' ரகம் தன் எண்ணைப் போல 3 முதல் 5 மடங்கு கரண்ட் பாய்ந்தால் உடனே விழும். 'சி' ரகத்துக்கு 5 முதல் 10 மடங்கு வேண்டும். ஓடும்போது 7 ஆம்பியர் இழுக்கும் 1 எச்.பி. மோட்டார், ஸ்டார்ட் ஆகும் நொடியில் 40 ஆம்பியரைத் தொடும். பி10 விழுவதற்கு 30 முதல் 50 போதும் என்பதால் அடிக்கடி ட்ரிப் ஆகும். சி10 50 வரை அசையாது. மோட்டார், ஏ.சி., ஃப்ரிட்ஜ் லைன்களுக்கு 'சி'தான் சரி. லைட், கீசர் லைன்களுக்கு 'பி' தாராளமாகப் போதும், ஷார்ட் ஆனால் சீக்கிரம் விழும் என்பதால் நல்லதும்கூட.

விழுகிறதே என்று 10-ஐக் கழற்றி 32-ஐ மாட்டுவதுதான் பெரிய தவறு. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. 23 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரம் வரை விடலாம், விதியே அப்படித்தான். 32 என்றால் 46 ஆம்பியர். ஒண்ணரை ஸ்கொயர் (1.5 சதுர மி.மீ. தடிமன்) ஒயரின் தோல் அதற்குள் உருகிவிடும். காப்பர் ஒயர் ஒண்ணரை ஸ்கொயர் என்றால் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி., இரண்டரைக்கு 16, நாலு ஸ்கொயருக்கு 20. இதைத் தாண்டவே வேண்டாம். 2000 வாட் கீசர் 9 ஆம்பியர்தான் இழுக்கும், இரண்டரை ஸ்கொயரும் 16-ம் போதும்.

முகப்பில் சின்னக் கட்டத்துக்குள் 10000 என்றும், பக்கத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஷார்ட் ஆகும்போது அத்தனை ஆம்பியர் வரை பாதுகாப்பாகத் துண்டிக்கும் என்பதற்கு அந்த எண்தான் அடையாளம்.

ஷாக் அடிக்கும்போது எம்.சி.பி. காப்பாற்றாது. உடம்பு வழியாகப் போகும் கரண்ட் அதற்குத் தூசு. ஷாக்கிலிருந்து காக்கத்தான், கரண்ட் வெளியே கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 100, 300 மில்லி ஆம்பியர் ரகங்கள் ஆளைக் காக்கப் போதாது. இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு 'ஏ' டைப் (எலெக்ட்ரானிக் சாதனங்களின் கசிவையும் கண்டறியும் ரகம்) ஆர்.சி.சி.பி. வாங்குங்கள், கூடுதல் விலைக்குத் தகும். ஓவர்லோடை ஆர்.சி.சி.பி. கவனிக்காது என்பதால் அதன் ஆம்பியர் மெயின் எம்.சி.பி.க்குக் குறையக் கூடாது.

ஆர்.சி.சி.பி. மாட்டியதும் விழுந்துகொண்டே இருந்தால் உடனே பொருளைக் குறை சொல்லாதீர்கள். ஏதோ ஒரு சுவிட்ச் பாக்ஸில் இன்வெர்ட்டர் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் சேர்த்து முறுக்கப்பட்டிருக்கலாம். அதைப் பிரிக்காமல் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேரடியாக இணைப்பது உயிருக்கே ஆபத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

மாட்டும்போது ஸ்க்ரூவுக்கு அடியில் ஒயரின் தோல் சிக்கக் கூடாது. பல இழை ஒயருக்கு பின் லக் (முனையில் மாட்டி நசுக்கும் சின்ன உலோகக் குழல்) போட்டு இறுக்கி, ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லூஸாக இருந்தால் எத்தனை நல்ல எம்.சி.பி.யும் அந்த முனையில் கருகிவிடும்.