ஃபைப்ரின் ஜெல்லா, பி.இ.ஜி. ஜெல்லா?

ரத்தக்குழாயிலிருந்து ஏறக்குறைய 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்களுக்கு ஆக்சிஜன் எட்டாது. அதனால் செயற்கைத் திசுவுக்குள் புதுக் குழாய்களை வரவழைத்தே ஆக வேண்டும். ஃபைப்ரின் ஜெல்லில் வளர்ப்பதா, பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைகால்) என்ற செயற்கைப் பாலிமர் ஜெல்லில் வளர்ப்பதா என்பதில்தான் புதிதாக ஆய்வில் இறங்குபவர்களுக்குக் குழப்பம்.

செல்கள் பற்றிக்கொள்ள
ஃபைப்ரின்: ரத்தம் உறையும்போது உடலே பின்னும் வலை. செல்கள் தாமாகவே ஒட்டும்.
பி.இ.ஜி.: தனியாகப் பிடிப்பே தராது. செல்கள் பற்றிக்கொள்ளும் ஆர்.ஜி.டி. என்ற பெப்டைடு (குட்டிப் புரதத்துண்டு) சேர்க்க வேண்டும்.

கரையும் விதம்
ஃபைப்ரின்: பிளாஸ்மின் நொதி சில நாட்களிலேயே அரித்துவிடலாம். சுருங்கவும் செய்யும்.
பி.இ.ஜி.: இதன் அருமை இங்கேதான். செல்கள் சுரக்கும் எம்.எம்.பி. நொதிகள் வெட்டக்கூடிய பெப்டைடுகளால் இணைத்தால், குழாய் முன்னேறும் இடத்தில் மட்டும் ஜெல் வழிவிடும். விறைப்பையும் நாமே தீர்மானிக்கலாம்.

ஒரே தரம்
ஃபைப்ரின்: தொகுதிக்குத் தொகுதி மாறும்.
பி.இ.ஜி.: பெரிதாக மாறாது.

எதை எடுத்தாலும், ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். காரணியை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். கசியும் குழாய்கள்தான் முளைக்கும். மெல்ல மெல்ல வெளிவர வேண்டும்.

காயம் விரைவாக ஆற வேண்டுமானால் ஃபைப்ரின். வாரக்கணக்கில் நிற்க வேண்டும், ஒவ்வொரு காரணியின் விளைவையும் பிரித்து அளக்க வேண்டும் என்றால் பி.இ.ஜி. வேதியியல் கைவராதவர்களை நான் ஃபைப்ரினில்தான் தொடங்கச் சொல்வேன்.