பேக்-மேன் போர்டை ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் எது கெடும், எப்படிப் பிடிப்பது

1980இல் நாம்கோ உருவாக்கி, அமெரிக்காவில் மிட்வே விற்ற பேக்-மேன் ஆர்கேட் வீடியோ கேமின் சர்க்யூட் போர்டு இன்றும் பழுது பார்க்கத் தகுந்த போர்டு. ஒரு இசட்80 புராசசர், ஆறு 2114 ராம், நான்கு புரோகிராம் ரோம், இரண்டு பட ரோம். மீதி பெரும்பாலும் கடையில் கிடைக்கும் 74 வரிசை ஐசிகள். நீண்ட நாள் ஓட்டத்தில் இதன் பலவீனம் ஐசிகளில் இல்லை, கரண்ட் உள்ளே வரும் வழியில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஈயம் உருக்குகிறவர்கள் நல்ல ஐசியைக் கழற்றி போர்டையும் கெடுக்கிறார்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி, 44 கால் எட்ஜ் கனெக்டர் வழியாக நேரே போர்டுக்குள் வருகிறது. டிசி ஆவதும் 5 வோல்ட்டுக்கு ரெகுலேட் ஆவதும் போர்டிலேயேதான். சில விரல் தகடுகள் மொத்த சுமையையும் தாங்க வேண்டும். கனெக்டரின் பிடி தளர்ந்தால் அந்த இடம் சூடாகும்; சூட்டில் உலோகம் கறுக்கும்; கறுத்தால் இன்னும் சூடாகும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் கனெக்டரையே மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் முலாம் போய்விடுவதால் அடுத்த முறை வேகமாகக் கருகும். ஃப்யூஸ் கிளிப்புகளுக்கும் இதே கதை. ஏசியைத் தவிர்த்துவிட்டு ஸ்விட்சிங் சப்ளையில் இருந்து 5 வோல்ட் கொடுப்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் ஒலிப் பகுதிக்கு 12 வோல்ட் தனியாகக் கொடுக்க மறக்கக்கூடாது.

அளப்பதை சப்ளையில் அளக்காதீர்கள். மீட்டரின் சிவப்பு முனையை இசட்80இன் 11ஆம் காலிலும் கறுப்பு முனையை 29ஆம் காலிலும் வையுங்கள். 4.75க்குக் கீழே இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டிசி சரியாகக் காட்டினாலும் மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே கால்களில் ஒருமுறை பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் ஆடினால் ஃபில்டர் கண்டன்சர் களைத்துவிட்டது என்று அர்த்தம்.

கரண்ட் சரி, திரையில் குப்பை எழுத்து, அதுவும் துடித்துத் துடித்து மாறுகிறது என்றால் அது வாட்ச்டாக். 16 ஃப்ரேம்களுக்குள், அதாவது சுமார் கால் விநாடிக்குள், புரோகிராம் அதைத் தட்டாவிட்டால் அது இசட்80ஐ ரீசெட் செய்துவிடும். ரீசெட் காலான 26இல் லாஜிக் புரோப் (ஹை, லோ, துடிப்பு காட்டும் சோதனைக் கருவி) வைத்தால் துடிப்பு தெரியும். இது நோய் அல்ல, அறிகுறி. 6ஆம் காலில் கிளாக் இருக்கிறதா, இசட்80ஐக் காத்திருக்கச் சொல்லும் 24ஆம் கால் லோவில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். 18.432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆறால் வகுபட்டு 3.072 மெகாஹெர்ட்ஸாக வர வேண்டும். 24 லோவிலேயே நின்றால் சந்தேகம் சிங்க் பஸ் கன்ட்ரோலர் மீது, அதாவது இசட்80உம் படப் பகுதியும் ராமைப் பகிர்வதை ஒழுங்குபடுத்தும் ஐசி மீது. அது சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பது. கழற்றி, கால்களைச் சுத்தம் செய்து மறுபடி அழுத்திப் பாருங்கள். இந்த வயதில் பழைய சாக்கெட்டின் பிடியை நம்ப முடியாது. ரோம் வரிசைக்கும் சேர்த்து, கடைந்த கால் சாக்கெட் போட்டுவிடுவதே கடைசியில் மலிவு.

இதற்கும் மசியாத போர்டுக்கு நாப் சோதனை. நாப் என்றால் ‘எதுவும் செய்யாதே’ என்ற கட்டளை, அதன் எண் 00. இசட்80ஐ ஒரு தனி 40 கால் சாக்கெட்டில் செருகி, அந்த சாக்கெட்டின் டேட்டா கால்களான 7, 8, 9, 10, 12, 13, 14, 15 போர்டைத் தொடாமல் வெட்டி, கிரவுண்டோடு இணைத்துவிடுங்கள். இசட்80க்கு எப்போதும் 00 தான் தெரியும். ஒன்றும் செய்யாமல் முகவரியை மட்டும் எண்ணிக்கொண்டே போகும். 5ஆம் கால், அதாவது ஏ15, விநாடிக்குச் சுமார் 12 முறை மாறும். ஏ14 அதன் இரு மடங்கு, ஏ13 நான்கு மடங்கு. இந்த ஏணியில் ஒரு படி துடிக்காமல் நின்றாலோ இரண்டு படிகள் ஒன்றுபோலத் துடித்தாலோ பழுது அந்த லைனில். ஏணி முழுசாக இருந்தால் ரோம் அல்லது டேட்டா பக்கம் தேடுங்கள்.

புரோகிராம் ஓடி, படம் மட்டும் கெட்டிருந்தால் வேலை எளிது. எழுத்தும் புதிர்ப்பாதையும் சிதைந்து, பேக்-மேனும் பேய்களும் ஒழுங்காக இருந்தால் பழுது போர்டில் 5ஈ என்ற இடத்தில் உள்ள ரோமில். இதற்கு நேர்மாறாக இருந்தால் 5எஃப் ரோமில். நிறம் மட்டும் தவறினால் 7எஃப், 4ஏ இடங்களில் உள்ள சின்ன புரோம்களையும், நிறத்தைக் கலக்கும் 1கே, 470, 220 ஓம் ரெசிஸ்டர்களையும் பாருங்கள். நீலத்துக்கு 470, 220 இரண்டுதான். மூன்றாவது காணோம் என்று தேட வேண்டாம். 256ஆம் கட்டத்தில் வலது பாதித் திரை குப்பையாவது போர்டின் பழுதே அல்ல, புரோகிராமின் பிழை. அதற்காக ராம் மாற்றினால் காசுதான் வீண்.

2114 மீது சந்தேகம் வந்தால் அதே வகை நல்ல ஐசி ஒன்றை அதன் முதுகில் ஏற்றிப் பார்ப்பது வழக்கம். அவுட்புட் செத்து மிதந்தால் இது உதவும். லோவில் ஒட்டிக்கொண்டதை மேலே ஏறிய ஐசியால் இழுக்க முடியாது. அதனால் ஏற்றிப் பார்த்தும் மாறவில்லை என்பதற்காக ராம் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். புரோபில் ஹையும் இல்லாமல் லோவும் இல்லாமல் ஏறக்குறைய 1.5 வோல்ட்டில் கிடக்கும் இன்புட் காலைக் கண்டால், அதை ஓட்டுகிற ஐசியைத் தேடிப் போங்கள்.

கழற்றும்போது ஐசியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், போர்டைக் காப்பாற்றுங்கள். கால்களை உடலோரமாக வெட்டி, ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்து, துளையை அப்புறம் உறிஞ்சுங்கள். முழு ஐசியை நெம்பினால் துளைக்குள் இருக்கும் செம்பு உறை காலோடு வந்துவிடும். ரோமுக்கு மாற்றாக 2732 வாங்கினால் நேரே செருக முடியாது: அசல் 2532இல் ஏ11 இருப்பது 18ஆம் காலில், 2732இல் 21ஆம் காலில். இடையில் ஒரு அடாப்டர் வேண்டும்.