நிமோனியா காய்ச்சல் இறங்கவில்லையா? நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று கேளுங்கள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது தனியாக நடக்கட்டும்.

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மாமனாருக்கு நிமோனியா. ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்தோம். சேர்த்த அன்று படுக்க வைத்தே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்புறம் ஊசி, டிரிப்ஸ், நெபுலைசர். காய்ச்சல் பகலில் விடும், ராத்திரி நடுக்கத்தோடு ஏறும். மூச்சை இழுத்தாலே வலது விலாவில் குத்துகிறது என்றார். "பெரியவருக்கு வயசாச்சு, கடல் காத்து வேற. மெதுவாத்தான் கேட்கும்" என்று சொல்லிவிட்டார்கள். மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தணியவில்லை என்றால் மறுபடி படம் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. அதைச் செய்யவே இல்லை. பில்லில் மட்டும் நெபுலைசர் வேளை தவறாமல் ஏறியது.

கடைசியில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவரை உட்கார வைத்து முதுகில் விரல் வைத்துத் தட்டினார். மேலே டொம்மென்று கேட்டது. வலது பக்கம் கீழே மட்டும் மரக்கட்டையைத் தட்டிய மாதிரி. ஸ்கேனில் பார்த்தால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. நிமோனியாவில் இது அடிக்கடி வருவதுதான். கொஞ்சமாக இருந்தால் மருந்திலேயே வற்றிவிடும். ஆனால் படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் நீர் முதுகுப்பக்கம் பரவிக்கொள்ளும், லேசான மங்கலாகத்தான் தெரியும். நிற்க வைத்து எடுத்தாலும் சுமார் 200 மில்லி சேர்ந்தால்தான் நுரையீரலின் கீழ் மூலை மழுங்கித் தெரியும். அல்ட்ராசவுண்டில் அதைவிடக் குறைவாக இருந்தாலும் பிடிபட்டுவிடும்.

ஊசியில் இழுத்தபோது வந்தது கலங்கல் மஞ்சள், நாற்றம் வேறு. சீழ் பிடித்துவிட்டது. சீழாக இருந்தாலோ, நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2க்குக் கீழே போயிருந்தாலோ டியூப் போட்டுத்தான் வடிக்க வேண்டும். விலா இடுக்கில் டியூப் போட்டார்கள். இப்போது எழுந்து நடக்கிறார்.

இன்னொரு விஷயம். நர்சிங் ஹோமில் எக்ஸ்ரேயையும் கேஸ் ஷீட்டையும் கேட்டதற்கு, "பாக்கியைக் கட்டுங்க, பார்க்கலாம்" என்றார்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தரவில்லை என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனு போடலாம். நாங்கள் போட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.