பிடரித் தோலைத் தளர்த்தும் பயிற்சி: ஹேர் டிரான்ஸ்பிளாண்ட்டுக்கு முன் செய்யலாமா?

ஹேர் டிரான்ஸ்பிளாண்ட்டுக்குத் தேதி வாங்கியவரிடம் "தினமும் பின்மண்டையை மசாஜ் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். எதற்கு, எப்படி என்று விளக்குபவர்கள் குறைவு. வாரக்கணக்கில் செய்தால் பலன் தெரிகிற பயிற்சிதான் இது. ஆனால் எல்லோருக்கும் இல்லை.

பிடரி முடியை வேரோடு எடுத்துச் சொட்டையில் நட இரண்டு முறை உண்டு: எஃப்.யூ.இ., எஃப்.யூ.டி. எஃப்.யூ.இ. முறை என்றால் இதைச் செய்யவே வேண்டாம். அதில் சுமார் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த குழல் முனையால் வேர்களைத் தனித்தனியாக எடுக்கிறார்கள், தையல் கிடையாது. எஃப்.யூ.டி.யில்தான் பிடரியில் இருந்து தோலைப் பட்டையாக வெட்டியெடுத்து, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். தோல் இறுக்கமாக இருந்தால் பட்டையை ஒடுக்கமாகத்தான் எடுக்க முடியும். சதுர செ.மீ.க்கு 70 கிராஃப்ட் (நடுவதற்கு எடுக்கும் முடிவேர்த் துணுக்கு) என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலப் பட்டையில் 1400 கிராஃப்ட் கிடைக்கும். அகலம் ஒன்றரை செ.மீ. ஆனால் 2100. பயிற்சியின் மொத்த லாபமும் இந்த அரை சென்டிமீட்டருக்குள் அடக்கம். இன்னொன்று, இழுப்பு இல்லாமல் தைத்த தழும்பு அகலமாகாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

மண்டைத் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தளர்வான திசு அடுக்கு ஒன்று உண்டு. தோல் வழுக்கி நகர்வது அதன்மேல்தான். எனவே நகர வேண்டியது விரல் அல்ல, தோல். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இதுவே. எண்ணெய் தேய்ப்பதுபோல் விரலை முடிக்குள் ஓட்டினால் முடி சிக்காகி அறுந்து வரும், தோல் இருந்த இடத்தில் இருக்கும்.

இரு கை விரல்களையும் கோத்து, உள்ளங்கைகளைப் பின்மண்டையில், கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டை ஒட்டி வையுங்கள். அழுத்திப் பிடித்து, தோலை எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே தள்ளி 2, 3 விநாடி நிறுத்துங்கள். பிறகு அதேபோலக் கீழே இழுத்து நிறுத்துங்கள். நடுவில் கொஞ்ச நேரம், இரு காதுகளின் பின்பக்கமும் கொஞ்ச நேரம். காதுக்குப் பின்னால்தான் தோல் பிடிவாதம் காட்டும், அங்கே கூடுதல் நேரம் கொடுக்கலாம். ஒரு வேளைக்கு 10 முதல் 15 நிமிடம், தினம் இருவேளை, ஆபரேஷனுக்கு முன் 4 முதல் 8 வாரம். எப்போது நிறுத்துவது என்பதை ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலை உலர்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் வழக்கம் இருந்தால், பயிற்சியை முடித்துவிட்டு எண்ணெய் வையுங்கள். முடி வளர மினாக்ஸிடில் மருந்து போடுபவர்களுக்கும் இதே வரிசைதான். சித்திரை வெயிலில் வியர்வையோடு செய்தாலும் கை வழுக்கும், விடிகாலை நல்லது. தலையைக் குனிந்தால் பிடரித் தோல் இழுபட்டு விறைக்கும். நிமிர்ந்தே உட்காருங்கள்.

முதல் வாரத்தில் மாறுவது தோல் அல்ல, தோள்பட்டை. கையைத் தூக்கியே வைத்திருப்பதால் சடவு எடுக்கும். பதினைந்து நிமிடத்தை மூன்று ஐந்தாகப் பிரித்துக்கொண்டால் தாங்கும். லேசான எரிச்சல் சகஜம். கொப்புளமோ, சொரியாசிஸோ, புண்ணோடு பொடுகோ இருந்தால் அதை முதலில் ஆற்றிவிட்டுத் தொடங்க வேண்டும்.

பலனைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். பிடரியில் மேலும் கீழுமாக 50 மி.மீ. இடைவெளியில் பேனாவால் இரண்டு புள்ளி வையுங்கள். வீட்டில் ஒருவர் அந்தப் புள்ளிகளை ஒன்றை நோக்கி ஒன்றாக நெருக்கிப் பிடிக்க, மிச்ச இடைவெளியை ஸ்கேலால் அளக்கலாம். 42 மி.மீ. வந்தால் 8 குறைந்திருக்கிறது, அதாவது 16 சதவீதத் தளர்வு. 35 வந்தால் 30 சதவீதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஆள், அதே அழுத்தம். ஆள் மாறினால் கணக்கும் மாறிவிடும். தொடக்கத்திலேயே 30 சதவீதம் இருப்பவர் கையை வலிக்க வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இயல்பிலேயே அளவுக்கு மீறித் தளர்ந்த தோலில் தழும்பு பின்னால் விரிந்துகொள்வதும் உண்டு.

"இதைச் செய்தால் சொட்டையில் முடி முளைக்குமாமே அண்ணாச்சி?" என்று கேட்பவர்களுக்கு: முளைக்காது. இது அறுவைக்கு இடம் பண்ணும் வேலை, அவ்வளவே.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் பழக்கதோஷத்தில் கை பின்னால் போகும். கூடவே கூடாது. பிடரியில் தையல் 10 முதல் 14 நாள் இருக்கும், அதற்குள் தோலை நகர்த்தினால் விளிம்பு பிரியும். இரண்டாவது முறை எஃப்.யூ.டி. போகிறவர்களுக்குப் பழைய வடு அடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பயிற்சி உண்மையில் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். அதையும் வடு நன்றாக ஆறி, டாக்டர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

தேதி குறிக்கும்போது நம்ம பக்கத்துக் காலண்டரையும் பாருங்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் கட்டும், கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். புதிதாக நட்ட தலையை அருவிக்கு அடியில் காட்ட முடியாது. குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு வேஷம் கட்டுபவர்கள் டோப்பாவும் கிரீடமும் வைக்கிற நாள்களுக்கு வெகு முன்னதாகவோ, தசரா முடிந்தோ வைத்துக்கொள்ளலாம். திருச்செந்தூருக்கு வருடம் தவறாமல் மொட்டை நேர்ந்திருப்பவர்கள் எஃப்.யூ.டி.யையே மறுபடி யோசிக்க வேண்டும். தோல் எவ்வளவு தளர்ந்திருந்தாலும், காதுக்குக் காது கோடு போட்ட தழும்பு மொட்டையில் தெரியத்தான் செய்யும். மிஷினில் ஒட்ட வெட்டிக்கொள்பவர்களுக்கும் இதேதான்.