தையல் கடையில் காரைக்கால் பண்பலை

பேரளம் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் ஊதுபத்தி ஏற்றுவேன். முள் எப்போதும் 100.3-இல் நிற்கும். அகில இந்திய வானொலியின் காரைக்கால் பண்பலை.

முன்பெல்லாம் எங்கள் வீட்டில் திருச்சி வானொலிதான். 1939-இல் தொடங்கிய நிலையம் அது. 1960-களில் ஆடுதுறை 27 என்கிற குறுவை நெல்லைப் பற்றி அதில் சொல்லிச் சொல்லியே, தஞ்சாவூர்ப் பக்கத்தில் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வந்துவிட்டது. என் மாமனார் விதை கேட்கும்போதும் அந்தப் பேரைத்தான் சொல்வாராம்.

கடையிலும் மத்திய அலையில் (மீடியம் வேவ்) திருச்சியைத்தான் வைத்திருந்தேன். மிஷினுக்கு மோட்டார் மாட்டியதும் வந்தது வினை. பெடலை அழுத்தினால் ரேடியோ ‘கர்ர்’ என்று இரையும், காலை எடுத்தால் பாட்டு வரும். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் பொறி விடுகிறது, மத்திய அலையில் அது அப்படியே கேட்கும், பண்பலையில் அவ்வளவாகத் தெரியாது என்றார் மெக்கானிக். அன்றைக்குக் காரைக்காலுக்கு மாறியவள்தான்.

எங்கள் வயதுக்காரர்களுக்குத் தோதான பாட்டுகள். போடுவதற்கு முன் படம், இசையமைத்தவர், பாடியவர் என்று நிதானமாகச் சொல்வார்கள். எத்தனையோ வருஷமாக முணுமுணுத்த பாட்டை யார் பாடினார் என்று இங்கேதான் தெரிந்துகொண்டேன். நடுவில் ஒரு தனியார் பண்பலையை வைத்துப் பார்த்தேன். இரண்டாவது சரணம் வருவதற்குள் விளம்பரம் வந்து விழும். காஜா எடுக்கும்போது கை பாட்டோடு சேர்ந்தே ஓடும். பாட்டைப் பாதியில் அறுத்தால் கையும் நின்றுவிடுகிறது. ரவிக்கை வாங்க வருகிற ஒரு பெரியம்மா, பை கைக்கு வந்த பிறகும் பாட்டு முடிகிற வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நானும் பேச்சுக் கொடுக்க மாட்டேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். கரன்டும் இல்லை, செல்போனும் எடுக்கவில்லை. பேட்டரி போட்ட ரேடியோ ஒன்றுதான் வெளியுலகத்தைச் சொன்னது. அதிலிருந்து கடையில் இரண்டு ஜோடி பேட்டரி கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.

நம் பக்கம் மலையோ குன்றோ குறுக்கே இல்லாததால் பண்பலை நன்றாகவே எட்டுகிறது. ரேடியோவைப் பீரோ ஓரத்தில் ஒதுக்காமல், ஏரியலை முழுசாக இழுத்து ஜன்னல் பக்கம் வையுங்கள். என் கடை தகரக் கூரை. அதனால் ஏரியலில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி வாசல் வேப்பமரம் வரை விட்டிருக்கிறேன். இடி இடித்தால் மட்டும் கழற்றிவிடுவேன்.